இடி இடிக்கும்போது அப்படியே விட்டு வரக்கூடிய பார்பிக்யூ அடுப்பு

போன ஆவணிக் கடைசியில் ஒருவழியாக இது கைகூடியது. வெளியே மழை கொட்டியது, கொல்லையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஆள் யாரும் இல்லை, கோழி பாட்டுக்கு வெந்துகொண்டிருந்தது. செட்டிநாட்டுப் பக்கம் வீட்டுக் கொல்லையில் பார்பிக்யூ போட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் மசாலா பற்றித்தான். மசாலாவை எப்படியும் சமாளித்துவிடலாம். நம்மைக் கவிழ்ப்பது மழையும் அதற்கு முன்னால் வரும் காற்றும்தான். அதனால் இந்த அமைப்பை அளவு, செலவு எல்லாவற்றோடும் எழுதி வைக்கிறேன்.

முதலில் தேதி விஷயம். எங்கள் ஊர் பள்ளத்தூர்ப் பக்கம். தை, மாசியில் போட்டால் வானத்தைப் பார்க்கவே வேண்டாம். ஆனால் எங்கள் வீட்டில் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று இருக்கிறவர்கள் மொத்தமாக ஒன்றுசேர்வது ஆவணி முகூர்த்தங்களுக்குத்தான். புரட்டாசி வந்துவிட்டால் வீட்டில் கறி கிடையாது. ஐப்பசிக்குத் தள்ளலாம் என்றால் அதற்குள் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும், வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிற மழை அது. ஐப்பசி அடைமழையில் நாள் முழுக்கத் தூறும், கரி நமுத்துப்போகும், தரை காயாது. ஆவணி மழை அப்படியில்லை. பகலெல்லாம் வெயில் பொரிக்கும், மூன்று நான்கு மணிக்கு மேல் மேற்கே கறுக்கும், புழுதிக் காற்று ஒன்று அடிக்கும், அப்புறம் இடியோடு அரை மணி, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். இரண்டில் எதைச் சமாளிக்கலாம் என்று பார்த்து, ஆவணியை எடுத்துக்கொண்டேன். மழை வருமா வராதா என்று கணக்குப் போடுவதை விட்டுவிட்டு, வந்தால் ஒரு மணி நேரம் அடுப்பை அப்படியே விட்டு வர முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்ததும்தான் வேலை ஒரு வழிக்கு வந்தது.

அதற்கு முந்தைய வருடம் நீலத் தார்ப்பாய் கட்டிப் பார்த்தோம். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி, நான்கு மூலையிலும் சவுக்குக் கம்பு. மழைக்கு முன்னால் வந்த காற்றில் பாய் உப்பி, ஒரு கம்பைப் பிடுங்கிக்கொண்டு போனது. திரும்பக் கட்டியதும் நடுவில் தண்ணீர் குளம்போலத் தேங்கி, பாய் அடுப்புக்கு மேலே தொங்க ஆரம்பித்தது. அது பிளாஸ்டிக் நூலில் நெய்த பாய், சூட்டில் உருகிச் சொட்டும். உடனே அவிழ்த்துவிட்டோம். அடுப்புக்கு மேலே தார்ப்பாய் கட்டவே வேண்டாம். ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வேண்டுமானால் கட்டலாம்.

அன்றைக்குப் பெரியப்பா, “ஏம்ப்பா, தூக்கி முற்றத்துல வச்சிரலாமே, மேல வானந்தானே?” என்று கேட்டார்கள். நம் வீடுகளின் அமைப்பைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும் யோசனைதான். ஆனால் மழை பெய்தால் முற்றத்தில் நான்கு பக்கத்து ஓட்டுச் சாய்விலிருந்தும் தண்ணீர் கொட்டும். அதனால் அடுப்பு தானாகச் சுற்றுத் தாழ்வாரத்துக்கு ஏறும். அங்கே எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. புகை அடங்கிவிட்ட நல்ல கங்கிலிருந்தும் அது வரும். குழந்தைகள் படுத்திருக்கும் வீட்டுக்குள் கரி அடுப்பைக் கொண்டுபோகவே கூடாது. அப்புறம் வீட்டையும் பார்க்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் கரிப்புகை படிந்தால் துடைத்து எடுக்க முடியாது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் எண்ணெய் சொட்டினால் கறை உள்ளே இறங்கிவிடும். இதையெல்லாம் சொன்னதும் பெரியப்பா ஒத்துக்கொண்டார்கள். அடுப்பு கொல்லையில்தான், தண்ணீரும் காற்றும்தான் அதை எட்டக்கூடாது என்று முடிவாயிற்று.

அடுப்புக்குக் காரைக்குடியில் ஓர் எண்ணெய் வியாபாரியிடம் 200 லிட்டர் இரும்புப் பேரல் வாங்கினேன், 1,100 ரூபாய். சமையல் எண்ணெய் வந்த பேரலாகப் பார்த்து வாங்குங்கள். பெட்ரோல், தின்னர், பூச்சிமருந்து வந்த பேரல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அந்த ஆவி உள்ளே தங்கியிருந்தால் கட்டிங் வீல் பொறி பட்டே வெடித்துவிடும். சமையல் எண்ணெய்ப் பேரலையும் சோடா உப்புப் போட்ட வெந்நீரால் அலசி, தண்ணீர் பாதி நிற்கும்போதுதான் முதல் வெட்டு போட்டோம்.

பேரலின் உள்விட்டம் ஏறத்தாழ 23 அங்குலம், நீளம் 35. நீளவாக்கில் இரண்டாக வெட்டி, மேல்பாதியை மூடியாக்கி, மூன்று கீல் போட்டோம். கால்களுக்கு ஒண்ணரை அங்குல எல் ஆங்கிள், அடுப்பின் விளிம்பு தரையிலிருந்து 34 அங்குலம். கறி வைக்கும் கம்பித்தட்டு விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே, அதற்கு 6 அங்குலம் கீழே கரித்தட்டு. கரித்தட்டுக்கும் அடிக்கும் நடுவில் நான்கரை அங்குல இடைவெளி, சாம்பல் விழவும் காற்று ஓடவும். கறித்தட்டை ஒரே துண்டாகப் போடாமல் 17 அங்குலத்தில் இரண்டாகப் போட்டது பெரிய சௌகரியம். கரி சேர்க்க ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் போதும்.

வெல்டிங் பட்டறையில் கரித்தட்டுக்கு ஜி.ஐ. தகட்டைக் காட்டி, “இது துருவே பிடிக்காதுண்ணே, விலையும் கம்மி” என்றார் தம்பி. துத்தநாகப் பூச்சு போட்ட தகட்டைக் கங்குக்கு அடியில் வைத்தால் பூச்சு ஆவியாகி மூச்சில் ஏறும். அதனால் கரித்தட்டுக்குச் சாதா இரும்புக் கம்பி, கறித்தட்டுக்கு 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி. இந்த ஸ்டெயின்லெஸ் கம்பி மட்டும் 2,400 ரூபாய் ஆனது. குறைக்க வேண்டிய செலவே இல்லை அது.

காற்றுத் துளையில்தான் ஒரு முறை மாற்ற வேண்டிவந்தது. முதலில் பேரலின் நீளப்பக்கத்தில், அடியில் வரிசையாக ஐந்து துளை போட்டிருந்தோம். அடுப்பு வடக்கு தெற்காக நிற்கிறது, துளைகள் மேற்கே பார்த்திருந்தன. மழைக்காற்று மேற்கிலிருந்துதான் வரும். காற்று அடித்ததும் ஐந்து துளை வழியாகவும் உள்ளே புகுந்து, கொல்லன் துருத்தி ஊதியதுபோலக் கங்கு சிவந்துவிட்டது. மூடியிலிருந்த வெப்பமானி 270 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்தத் துளைகளை அடைத்து, தெற்கு முனை வட்டத்தில் ஒண்ணரை அங்குலத் துளை மூன்று போட்டு, தள்ளி மூடும் தகடு வைத்தோம். வடக்கு முனையில் மூடி மேலே 3 அங்குலப் புகைக்குழாய், உள்ளே திருப்பி அடைக்கும் தகடு, மேலே தொப்பி. கீல்கள் மேற்குப் பக்கம். மூடியைத் திறந்தால் அதுவே காற்றுக்கு மறைப்பாக நிற்கும். கரியைத் தெற்குப் பாதியில் மட்டும் போடுவேன். அங்கிருந்து சூடு கறியைத் தடவிக்கொண்டு வடக்கே குழாயில் ஏறும். இந்த ஏற்பாட்டில்தான் வடக்குப் பாதியில் நேரடிக் கங்கு இல்லாத இடம் கிடைக்கிறது. மழை வந்தால் கறி ஒதுங்கும் இடமும் அதுதான்.

பேரலின் பெயின்ட்டையும் உள்பூச்சையும் எரித்து எடுக்க, வேலிக்கருவை விறகைப் போட்டு ஒண்ணரை மணி நேரம் முழு வீச்சில் எரித்தோம். ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கடலை எண்ணெய் தடவி, மறுபடி சூடேற்றினோம். எண்ணெய் கறுத்து இறுகிப் பிடிக்கும் வரை மூன்று பூச்சு. வெளியே சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட்.

கூரை போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். கரி நன்றாகப் பிடித்து மூடி 220 டிகிரி காட்டியபோது, தோட்டக் குழாயால் மூடிமேல் மழைபோலத் தண்ணீர் அடித்தோம். ஐந்து நிமிடத்தில் 160-க்கு வந்துவிட்டது. நிறுத்திய பிறகு பழைய சூட்டுக்குத் திரும்பக் கால் மணி நேரம் ஆயிற்று. வெட்டின விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளேயும் கசிந்தது. மூடி மட்டும் போதாது, மேலே கூரை வேண்டும் என்பது அதில் தெரிந்துவிட்டது. பேரல் அடியில் அரை அங்குலத்தில் வடிகால் துளை ஒன்று போட்டதும் அன்றைக்குத்தான். இப்போது கொழுப்பு வடிவதும் அது வழியாகத்தான், கீழே ஒரு தகர டப்பா வைத்துவிடுவேன்.

கூரை என்று பெரிதாக ஒன்றுமில்லை, தகரச் சாய்ப்பு. நீளம் 12 அடி, அகலம் 9 அடி. இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய் நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஒண்ணரை அடிக் குழியில் கான்கிரீட். மேற்கே உயரம் ஏழரை அடி, கிழக்கே ஒன்பது. காற்று வரும் பக்கம் தாழ்ந்திருப்பதால் தூவானம் உள்ளே அடிப்பது குறைகிறது, தகரத்துக்கு அடியில் காற்று புகுந்து தூக்குவதும் குறைகிறது. மேற்கே நான்கடி தள்ளி எங்கள் பழைய மதில் ஐந்தடி உயரத்துக்கு இருக்கிறது, அதுவும் ஒரு காப்பு. நான்கு பக்கமும் திறந்தே இருக்கிறது. ஏதாவது ஒரு பக்கத்தை அடைக்கலாமே என்று பலரும் சொல்கிறார்கள், நான் அடைக்கவில்லை. புகையும் வாயுவும் போக வழி வேண்டும். மூடி திறந்து நிற்கும்போதும் அதற்கு மேலே மூன்றடி இடைவெளி இருக்கிறது, சூடு தகரத்தைத் தொடவில்லை. தகரத்தை ஆணி அடிக்காமல் ஜே போல்ட்டும் ரப்பர் வாஷரும் போட்டுப் பிடித்தோம்.

செலவைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பேரல் 1,100, ஆங்கிள், கீல், வெல்டிங் கூலி 2,800, ஸ்டெயின்லெஸ் கம்பி 2,400, மூடிக்கு ஒன்றும் கறியில் குத்திப் பார்க்க ஒன்றுமாக இரண்டு வெப்பமானி 1,050. அடுப்பு மட்டும் 7,350. சாய்ப்புக்குக் குழாய் 6,200, பத்தடித் தகரம் நான்கு 5,600, சிமென்ட், போல்ட் 1,100, கூலி 3,500, ஆக 16,400. இரண்டும் சேர்ந்து 23,750 ரூபாய். அடுப்பைவிடக் கூரைக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. கொல்லையில் ஏற்கெனவே மாட்டுக் கொட்டகையோ கிணற்றடிச் சாய்ப்போ இருக்கிறவர்களுக்கு அந்தச் செலவு மிச்சம். ஓலைக் கொட்டகை என்றால் மட்டும் நினைக்கவே வேண்டாம்.

கரிக்கு நமக்குப் பஞ்சமில்லை. சிவகங்கை, ராமநாதபுரம் சீமையெங்கும் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். மூட்டத்துக்காரரிடமே சாக்குக் கணக்கில் வாங்கினேன். நல்ல சூடு, நீண்ட நேரம் நிற்கும். ஆனால் பட்டை ஒட்டிய துண்டுகள் வெடித்துப் பொறி பறக்கும். காற்று அடிக்கும் நேரத்தில், அடுத்த கொல்லையில் வைக்கோல் படப்பு இருக்கும்போது, அது விளையாட்டில்லை. பட்டைத் துண்டுகளைப் பொறுக்கித் தனியே வைத்துவிடுவேன். எரியும் அடுப்பில் பச்சைக் கரியைக் கொட்ட மாட்டேன். எட்டு அங்குல இரும்புக் குழாயில், பதினான்கு அங்குல உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அடியிலிருந்து மூன்று அங்குலத்தில் கம்பி வைத்து, கரி மூட்டும் குழாய் ஒன்று செய்திருக்கிறோம். அடியில் தேங்காய் நார், கொட்டாங்குச்சி, மேலே கரி. இருபது நிமிடத்தில் சாம்பல் பூத்துவிடும். அந்தக் கங்கைத்தான் அடுப்பில் சேர்ப்பது. மண்ணெண்ணெய் வாடையும் இல்லை. மிச்சக் கரி மூடி போட்ட டின்னில்தான் இருக்க வேண்டும். சாக்கோடு தரையில் வைத்தால் ஆவணிக் காற்றிலேயே ஈரம் இழுத்து, மூட்டும்போது வெறும் புகையாக வரும்.

எதைச் சுடுவது என்பதும் மழையோடு சேர்ந்த முடிவுதான். காடையை முதுகில் கீறிப் பரப்பிவிட்டால் ஒரு பக்கத்துக்கு ஆறேழு நிமிடம் போதும். தொண்டியிலிருந்து வரும் வஞ்சிரம் துண்டும் அப்படித்தான். இவை இரண்டும் முதல் ஈடு, வானம் தெளிவாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டியவை. நாட்டுக்கோழி வெறும் கங்கில் சரியாக வேகாது, நார் நாராக நிற்கும். அதை மஞ்சள், உப்பு, கொஞ்சம் மசாலா போட்டுக் குக்கரில் இரண்டு விசில் விட்டு, ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுப்பில் ஏற்றும் முன்தான் மேல்மசாலா தடவுவது. பாதி வெந்த பச்சைக்கோழி மழையில் அரைச்சூட்டில் கிடந்தால் கெட்டுவிடும் என்ற பயம் இதில் இல்லை. மேல்மசாலாவில் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், மிளகு, சோம்பு, கல்பாசி, கொஞ்சம் நல்லெண்ணெய். அம்மியில் அரைத்தாலும் மையாக அரைக்க வேண்டும். கொரகொரப்பாக இருந்தால் திப்பி கங்கில் விழுந்து கருகி, கசப்புப் புகை கறியில் ஏறுகிறது. மரக்கறிக்காரர்களுக்கு வேகவைத்த சேனைக்கிழங்கு, அதே மசாலா. கறியெல்லாம் ஐஸ் பெட்டியில்தான் கொல்லைக்கு வரும். நம்முடைய வெயிலுக்குப் பச்சைக்கறியை ஒரு மணி நேரம்கூட வெளியே வைக்கக் கூடாது.

நேரத்தைப் பற்றி வீட்டில் நிறையப் பேச்சு நடந்தது. எல்லோருக்கும் விளக்கு வைக்கிற நேரத்தில் சாப்பிட ஆசை. ஆவணியில் மழை அந்த நேரத்துக்குத்தான் வரும். நான் இரண்டரை மணிக்கே கரி மூட்டினேன். “உச்சி வெயில்ல யாருப்பா திம்பா?” என்று அயித்தை கேட்டார்கள். ஆனால் மூன்று மணிக்குக் காடை தட்டில் விழுந்ததும் கூட்டம் வந்துவிட்டது.

காலையிலேயே வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாகப் போடும் எச்சரிக்கையைப் பார்த்தேன். மஞ்சள் போட்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் காரைக்கால் ராடார் படம், கூடவே தாமினி செயலி. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய அந்தச் செயலி, நம்மைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். செயலி என்ன சொன்னாலும் கண்ணும் காதும் வேண்டும். மேற்கே பிரான்மலைத் திசையில் மேகம் கோபுரமாக எழும்பி, உச்சி விரிந்துவிட்டால் நேரம் நெருங்கிவிட்டது. மின்னல் வெட்டியதிலிருந்து இடிக்கு எண்ண வேண்டும். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். எண்ணிக்கை முப்பதுக்குள் வந்துவிட்டால் வெளியே இருக்கக் கூடாது. தகரச் சாய்ப்பு, இரும்புக் கால், இரும்பு அடுப்பு, கையில் இரும்பு இடுக்கி. அந்தச் சாய்ப்பு அடுப்பை நனையாமல் காக்கும், அவ்வளவுதான். மின்னலுக்கு அது ஒதுங்கும் இடமே கிடையாது.

நான்கு மணியை ஒட்டி முதல் இடி கேட்டது, எண்ணினால் இருபத்தைந்து. காடையும் மீனும் முடிந்து, கோழி ஏறியிருந்தது. துண்டுகளை எல்லாம் வடக்குப் பாதிக்குத் தள்ளி, மூடியை இறக்கி, தெற்குத் துளைகளைக் கால்வாசி மட்டும் விட்டு அடைத்து, புகைக்குழாயைப் பாதியாகத் திருப்பி, கொக்கியைப் போட்டேன். பழகிவிட்டால் இரண்டு நிமிட வேலை. துளைகளை முழுக்க அடைத்தால் கங்கு அணைந்துவிடும், திறந்தே விட்டால் காற்றில் எரிந்து தீர்ந்துவிடும். மூடும்போது மூடி 190 காட்டியது. எல்லோரும் வீட்டுக்குள் பட்டாலைக் கூடத்துக்குப் போனோம். காற்று முதலில் வந்தது, புழுதியோடு. அப்புறம் மழை. ஓட்டுச் சாய்விலிருந்து முற்றத்துக்கு விழும் தண்ணீரை அண்டாவில் பிடித்தார்கள் ஆயா. கொல்லைக்கதவு வழியாகப் பார்த்தால் குழாயில் மெல்லிய நீலப்புகை போய்க்கொண்டிருந்தது.

கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே போனேன். பிள்ளைகள் அவசரப்படுத்தினார்கள், விடவில்லை. மூடி 140 காட்டியது. கோழித்தொடையில் எலும்பு ஓரமாகக் குத்திப் பார்த்தால் 88. கோழிக்கு 74 வந்தாலே போதும். தெற்குப் பக்கம் கங்கு அரைவாசி மிச்சம் இருந்தது. துளைகளைத் திறந்ததும் பத்து நிமிடத்தில் சிவந்தது. தோல் மொறுமொறுப்பாக ஒரு தடவை கங்குக்கு மேலே புரட்டி எடுத்தோம், அவ்வளவுதான். இருபத்தைந்து பேருக்கு மொத்தம் ஒன்பது கிலோ கரி ஆனது.

மாற்ற வேண்டியவையும் இருக்கின்றன. சாய்ப்பின் மேற்கு ஓரத்தில் தண்ணீர் விழுந்து செம்மண்ணில் வாய்க்கால் பறித்துவிட்டது, அடுப்புக் கால்வரை சேறு தெறித்திருந்தது. அந்த ஓரத்துக்குத் தகரக் கால்வாய் வைத்துக் கிணற்றடிக்குத் திருப்ப வேண்டும், தரைக்கு நாலு தட்டுச் செங்கல் பரப்ப வேண்டும். பேரலின் வெட்டு விளிம்பில் ஒரு பட்டைத் தகடு வைத்தால் புகைக் கசிவு குறையும். வெப்பமானியைத் தெற்கே வைத்தது சரியில்லை. கங்குக்கு நேர் மேலே இருப்பதால் கூடுதலாகக் காட்டுகிறது, கறி ஒதுங்கும் வடக்குப் பக்கம்தான் அதற்கு இடம். சாம்பலை மறுநாள் காலையிலேயே அள்ளிவிட வேண்டும். நான் விட்டு வைத்த இரண்டே நாளில் ஈரச்சாம்பல் அடித்தகட்டில் பொரிப்பொரியாகத் துருவை ஏற்றிவிட்டது. அதைச் சுரண்டி, எண்ணெய் பூசி, இப்போது மூடி வைத்திருக்கிறேன். கால்வாய்க்கு அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார் பட்டறைத் தம்பி, பதிமூன்று அடி, 1,600 ரூபாய் சொல்கிறார்.